கணினி கேள்வி-பதில்: உங்க சிஸ்டத்தோட பேர் என்ன?

கேள்வி: சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். பில் போட விண்டோஸ் கம்ப்யூட்டர், டிசைனருக்கு ஐமேக், பையனுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பில் உபுண்டு. மூன்றும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஃபைல் எல்லாம் பென்டிரைவில்தான் போய் வருகிறது. ஷேரிங் போட்டுத் தரச் சொன்னால் சர்வீஸ்காரர், "ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் நெட்வொர்க்ல என்ன பேர்னு பார்த்துச் சொல்லுங்க" என்கிறார். எங்கே பார்ப்பது?
*– வாசகர், சிவகாசி*

பதில்: உங்கள் சர்வீஸ்காரர் விவரமானவர். ஐ.பி. எண்ணைக் கேட்டிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். அந்த எண்ணை ரூட்டர் தற்காலிகமாகத்தான் தருகிறது. இன்றைக்கு 192.168.1.5 என்று இருப்பது, கரண்ட் போய் வந்த பிறகு 192.168.1.8 ஆகிவிடலாம். அப்புறம் ஷேரிங் வேலை செய்யவில்லை என்று மறுபடி அவரைக் கூப்பிட வேண்டும். பெயரோ நாமாக மாற்றும்வரை அப்படியே இருக்கும்.

மூன்றுக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட், மேக்கிலும் உபுண்டுவிலும் டெர்மினல் திறந்து, 'ஹோஸ்ட்நேம்' என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். பெயர் வந்து நிற்கும். கறுப்புத் திரையைக் கண்டால் பயம் என்றால் மேலே படியுங்கள்.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் 'டிவைஸ் நேம்' இருக்கும். நீங்கள் பெயர் வைக்காமல் விட்டிருந்தால் 'டெஸ்க்டாப்' என்று தொடங்கி, ஒரு இடைக்கோடு, அதன் பின் வாயில் நுழையாத ஏழு எழுத்தும் எண்ணுமாக இருக்கும். விண்டோஸ் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. போனில் இதைச் சொன்னால் 'பி-யா, டி-யா' என்று பாதி நேரம் போய்விடும். அங்கேயே 'ரீநேம்' பொத்தான் இருக்கிறது, மாற்றிவிடுங்கள். ரீஸ்டார்ட் செய்தால்தான் புதுப் பெயர் அமலுக்கு வரும்.

அச்சகத்தின் முழுப் பெயரையும் வைக்க ஆசை வரும். வேண்டாம், 15 எழுத்துக்குள் முடியுங்கள். 1983-ல் ஐபிஎம் கணினிகளுக்காக வந்த நெட்பயாஸ் என்ற ஏற்பாட்டில் பெயருக்கு 16 இடம்தான். கடைசி இடத்தை, அது எந்த வகைச் சேவை என்று காட்ட மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொண்டது. மிச்சம் 15. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாலை விண்டோஸ் விடவில்லை. நீளமாக வைத்தால் சில இடங்களில் பெயர் வெட்டுப்பட்டுத் தெரியும்.

மேக்கில்தான் பலரும் குழம்புகிறார்கள், ஏனென்றால் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள். மனிதர்கள் பார்ப்பதற்கு ஒன்று: டிசைனரின் பெயரோடு ஐமேக் என்று சேர்ந்திருக்கும், இடைவெளிகூட இருக்கலாம். நெட்வொர்க்கில் கூப்பிடுவதற்கு இன்னொன்று: இடைவெளி இருந்த இடமெல்லாம் இடைக்கோடாகி, கடைசியில் 'டாட் லோக்கல்' ஒட்டிக்கொண்டு நிற்கும். சர்வீஸ்காரருக்கு வேண்டியது இந்த இரண்டாவது. சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் ஷேரிங், அந்தப் பக்கத்தின் அடியில் 'லோக்கல் ஹோஸ்ட்நேம்'. உங்களுடையது 2022-க்கு முந்தைய மேக்ஓஎஸ் என்றால் சிஸ்டம் ப்ரிஃபரன்ஸஸில் ஷேரிங்கைத் திறந்ததுமே மேலே தெரியும். அந்த 'டாட் லோக்கல்' ஆப்பிள் 2002-ல் கொண்டுவந்த ஏற்பாடு, இப்போது போன்ஜூர் என்கிறார்கள். தனியாக ஒரு சர்வர் இல்லாமலே, "இந்தப் பெயருக்கு யார்?" என்று ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க் முழுக்கக் குரல் கொடுக்க, உரியது பதில் சொல்லும்.

உபுண்டுவில் டெர்மினலைத் திறந்தாலே போதும், எதுவும் அடிக்க வேண்டாம். வரியின் தொடக்கத்தில் பயனர் பெயர், அட் குறி, அதை அடுத்து இருப்பது கணினியின் பெயர். செட்டிங்ஸில் அபௌட் பகுதியிலும் பார்க்கலாம், மாற்றலாம். மாற்றிய பிறகு சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளை கொடுக்கும் முறை) போடும்போது 'அன்ஏபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்' என்று முனகினால், ஈடிசி ஃபோல்டரில் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைலில் 127.0.1.1 என்ற வரியில் பழைய பெயர் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதையும் திருத்துங்கள்.

பெயர் கிடைத்ததும் விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு மேக்கின் பெயரை அடியுங்கள். மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்டும் 'கே'யும் அழுத்தி, எஸ்எம்பி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, விண்டோஸின் பெயர். எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கிறீர்களோ அந்தக் கணினியில் ஷேரிங் ஆன் ஆகியிருக்க வேண்டும். அதைச் சர்வீஸ்காரர் பார்த்துக்கொள்வார்.

கடைசியாக என் சொந்த அபிப்பிராயம்: ஆளின் பெயரைக் கம்ப்யூட்டருக்கு வைக்காதீர்கள். டிசைனர் வேறு வேலைக்குப் போய்விடுவார், ஐமேக் அவர் பெயரிலேயே உங்களிடம் கிடக்கும். பில், டிசைன், லேப்டாப் என்று வேலையை வைத்தே பெயரிடுங்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். அச்சகத்தில் ஸ்டிக்கருக்கா பஞ்சம்!

கேள்வி: எங்கள் கல்லூரி லேபில் இரண்டு கணினிகளில் ஒரே பெயர் இருக்கிறதாம், விண்டோஸ் எச்சரிக்கை காட்டுகிறது. ஆபத்தா?
*– வாசகி, திண்டுக்கல்*

பதில்: ஆபத்தில்லை, தொல்லை. ஒரு கணினியில் எல்லாம் போட்டுவிட்டு அந்த டிஸ்க்கை அப்படியே மற்றவற்றுக்கு நகலெடுத்திருப்பார்கள், பெயரும் சேர்ந்தே வந்துவிட்டது. நான் பார்த்த பல லேபிலும் இதே கதைதான். பிரின்ட் ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றில் தேட வேண்டியிருக்கும். மேக் என்றால் மோதல் வரும்போது தானாகவே கடைசியில் 2 என்று சேர்த்துக்கொள்ளும். விண்டோஸில் ஒன்றின் பெயரை நீங்கள்தான் மாற்ற வேண்டும். வரிசை, இருக்கை எண்ணை வைத்துப் பெயரிட்டால் எந்தக் கணினி மக்கர் செய்கிறது என்று தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைக்கலாமா?
*– வாசகர், தஞ்சாவூர்*

பதில்: மேக்கில் கண்ணுக்குத் தெரியும் பெயரைத் தமிழில் வைக்கலாம். நெட்வொர்க் பெயருக்கு ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டுமே. அடிக்கோடுகூட ஆகாது. இணையத்தின் ஆரம்ப நாட்களில் போட்ட விதி இது. எண்ணில் தொடங்கக் கூடாது என்றுகூட இருந்தது, 1989-ல்தான் அதைத் தளர்த்தினார்கள். 'யாழ்', 'குறிஞ்சி' என்று ஆங்கில எழுத்தில் வையுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்.

கேள்வி: ரயிலில் ஹாட்ஸ்பாட் போட்டால் என் முழுப் பெயரும் எல்லோர் போனிலும் தெரிகிறது. ஐபோன் வைத்திருக்கிறேன்.
*– வாசகி, சென்னை*

பதில்: செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட். முதல் வரியில் 'நேம்'. மாற்றிவிடுங்கள்.