துணைவேந்தர் கம்பெனிகளோடு கைகோப்பதில் தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன லாபம்?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "துணைவேந்தர் முதலாளிகளோடு ஒப்பந்தம் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார். செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அதனால் என்ன?"

தம்பி, அந்தப் படத்தால் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் விஷயம். பாடத்திட்டம் எழுதும் மேசையில் தொழிற்சாலைக்காரர் உட்கார்கிறாரா? கம்பெனி பிராக்டிக்கலுக்கு, அதாவது வேலைப் பயிற்சிக்கு, ஆள் எடுக்கிறதா, அலவன்ஸ் தருகிறதா? இதையெல்லாம் பேசி முடிப்பவர்தான் நல்ல தலைவர். செர்டாங்கில் உள்ள யூ.பி.எம்.மில் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) தொழில்துறை, சமூகத் தொடர்புக்கென்றே தனி உதவித் துணைவேந்தர் பதவி உண்டு. 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய இடமாயிற்றே, தோட்டத் தொழிலோடு உறவு இல்லாமல் இருக்குமா!

2015இல் தொடங்கிய சி.இ.ஓ. ஃபேகல்ட்டி திட்டம் கம்பெனித் தலைவர்களை வகுப்பறைக்கே வரவழைத்தது. 2யு2ஐ என்ற பட்டப்படிப்பு முறை இன்னும் நேரடியானது: 2 ஆண்டு வளாகத்தில், 2 ஆண்டு வேலையிடத்தில். வீட்டிலிருந்து பணம் எதிர்பார்க்க முடியாத பிள்ளைக்கு, என் பார்வையில், இதுதான் தோது. ஆனால் சம்பளம் தராமல் போட்டோஸ்டாட் எடுக்கவைக்கும் இடங்களும் உண்டு. சேருமுன் சீனியர்களிடம் விசாரியுங்கள்: கூலிம் தொழிற்பூங்காவுக்குப் போனவர்களில் யாருக்கு அங்கேயே வேலை கிடைத்தது என்று.