சர்வாதிகார அரசை எதிர்க்கும் கதை கொண்ட படங்களில் உங்களால் மறக்க முடியாதது எது?

‘பிரேசில்’. 1985இல் வந்த படம், இயக்கியவர் டெரி கில்லியம். பெயரைப் பார்த்துக் கால்பந்து, அமேசான் காடு என்று போய்விடாதீர்கள். அந்த நாட்டுக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. ஆரி பாரோசோ என்பவர் 1939இல் போட்ட பிரேசில் பாட்டு ஒன்றின் மெட்டு படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும், அவ்வளவுதான். கதை நடக்கும் ஊர் எது என்று சொல்வதில்லை, ஆனால் லண்டன் வாடை அடிக்கும். காலம், ‘20ஆம் நூற்றாண்டில் எங்கோ’.

முடிவையும் சொல்லப்போகிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த மாதிரிப் படங்களில் வழக்கமாக ஒரு தலைவர் இருப்பார். சுவர் அளவு திரையில் வந்து கர்ஜிப்பார், கடைசி ரீலில் ஜனங்கள் திரண்டு வந்து அவரைக் கவிழ்ப்பார்கள். இதில் கவிழ்க்கலாம் என்று தேடினால் ஆளே அகப்பட மாட்டார். இருப்பது ஒரு தகவல் அமைச்சகம், அதற்குள் பிரிவுகள், பிரிவுக்குப் பிரிவு ஃபாரங்கள். சித்திரவதை செய்யும் பிரிவின் பெயர் ‘தகவல் மீட்பு’.

ஆரம்பத்தில் ஒரு குமாஸ்தா கூரையில் உட்கார்ந்திருக்கும் ஈயை அடிக்கிறார். செத்த ஈ, கீழே தானாகக் கைது ஆணைகளை அச்சடித்துக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் விழுகிறது. பிடிக்க வேண்டியவர் பெயர் டட்டில். ஈ விழுந்த தாளில் மட்டும் அது பட்டில் ஆகிவிடுகிறது. அப்புறம் ஒரு வீட்டைக் காட்டுகிறார்கள். கிறிஸ்துமஸ் சமயம், அம்மா குழந்தைகளுக்குக் கதை வாசித்துக்கொண்டிருக்கிறாள். மாடி வீட்டுத் தரையை வட்டமாக அறுத்து, அந்த ஓட்டை வழியாகப் போலீஸ் இறங்குகிறது. செருப்புத் தைத்துப் பிழைக்கும் பட்டிலைக் கோணிக்குள் திணித்துக் கட்டித் தூக்கிப் போகிறார்கள். கூடவே வந்த அதிகாரி அவர் மனைவியிடம் கையெழுத்து வாங்குகிறார்: இது உங்கள் கணவருக்கான ரசீது, இது அந்த ரசீதுக்கு எனக்கான ரசீது. பிறகு ஓட்டையை அடைக்க ஆட்கள் வருகிறார்கள். கொண்டுவந்த மூடியின் அளவு சரியில்லை.

முதல் தடவை பார்த்தபோது அந்த ரசீதுக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம் தடவை பார்த்தது அப்பா இறந்த வருஷம். அவருடைய இறப்புச் சான்றிதழில் இனிஷியல் எம்முக்குப் பதில் என் என்று ஏறியிருந்தது. பாஸ்புக், பட்டா, குடும்ப அட்டை எல்லாவற்றிலும் எம். கவுண்டரில் இருந்தவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “எம்னு போட்ட பேர்ல யாரும் எறந்ததா இங்க பதிவு இல்லீங்களேம்மா” என்றார். நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நாலு மாதம் அலைந்தேன். கடைசியில் வழி காட்டியவர், வாசலில் ஸ்டூல் போட்டு மனு எழுதிக் கொடுக்கும் ஒரு பெரியவர். எந்த நாற்காலியிடம் முதலில் போக வேண்டும், எதை எதற்குப் பின்னால் இணைக்க வேண்டும் என்று ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். என்னுடைய அலைச்சலையும் அந்தப் படத்து மனைவி இழந்ததையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் ரசீதுக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, உண்மையான டட்டில் யார்? அரசு வலைவீசித் தேடும் அந்தத் தீவிரவாதி ஏசி மெக்கானிக்! ராபர்ட் டி நீரோ நடித்திருக்கிறார். கதாநாயகன் சாம் வீட்டில் நடுராத்திரி ஏசி கெட்டுப்போகிறது. பராமரிப்பு எல்லாம் அரசுச் சேவையின் கையில், இரவில் அவர்கள் வர மாட்டார்கள். டட்டில் அந்த ஃபோனை ஒட்டுக்கேட்டு, துப்பாக்கியோடு நுழைந்து, சுவர்ப் பலகையைக் கழற்றிக் குழாய்களைச் சரிசெய்துவிட்டு, கம்பியில் சறுக்கி இருட்டில் மறைகிறார். முன்பு அந்தச் சேவையில்தான் வேலை பார்த்தவர், எழுத்து வேலை தாங்காமல் வெளியே வந்துவிட்டார். ஃபாரம் இல்லாமல் ரிப்பேர் செய்வதுதான் அவர் நடத்தும் கிளர்ச்சி. அரசு ஆட்கள் கதவைத் தட்டும்போது சாம் அவர்களைத் துரத்துவதும் அதே ஆயுதத்தால்தான். ‘27பி/6 இருக்கிறதா?’ என்று கேட்கிறான். அந்தப் படிவத்தின் பெயரைக் கேட்டதும் வந்தவர்களில் ஒருவருக்கு வலிப்பே வந்துவிடுகிறது.

சாம் (ஜொனாதன் பிரைஸ்) புரட்சிக்காரன் கிடையாது. பதிவேட்டுத் துறையில் பதவி உயர்வுகூட வேண்டாம் என்று ஒதுங்கி, கனவில் இறக்கை கட்டிப் பறப்பவன். பட்டில் விசாரணையில் செத்துப்போகிறார். விசாரணைச் செலவு தவறான ஆள் கணக்கில் பிடிக்கப்பட்டதால் பணம் திருப்பித் தரப்பட வேண்டும், ஆனால் காசோலையை அனுப்பும் வழி யாருக்கும் தெரியவில்லை. சாமே எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறான். நல்ல காரியம் செய்கிறோம் என்ற முகம். அந்தப் பெண் காசோலையைப் பார்க்கவே இல்லை. ‘அவர் உடம்பை என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கிறாள். அதற்கு அவனிடம் ஃபாரம் இல்லை. என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் இதுதான்.

இன்னொரு இடமும் உண்டு. சித்திரவதை செய்யும் ஜாக், சாமின் பழைய நண்பன். நடித்தவர் மைக்கேல் பேலின், பார்த்தால் பக்கத்து வீட்டு ஆள் போல இருப்பார். ரத்தக்கறை பட்ட வெள்ளைக் கோட்டோடு உள்ளேயிருந்து வருகிறார், அறையில் அவருடைய சின்ன மகள் விளையாடிக்கொண்டிருக்கிறாள். வெளி அறையில் ஒரு பெண் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, உள்ளே கேட்கும் அலறலை எழுத்துக்கு எழுத்து டைப் அடிக்கிறாள்.

குறை இல்லாமல் இல்லை. கனவுக் காட்சிகள் நீளம். சாம் துரத்தும் ஜில் என்ற லாரி டிரைவர் பெண்ணுக்கு எழுத்தில் இன்னும் உயிர் கொடுத்திருக்கலாம்.

முடிவில் சாமையே நாற்காலியில் கட்டுகிறார்கள். டட்டில் கயிற்றில் இறங்கி வந்து காப்பாற்றுகிறார், அமைச்சகம் வெடித்துச் சிதறுகிறது. ஆஹா என்று நிமிர்ந்து உட்காரும்போது, தெருவில் பறக்கும் காகிதங்கள் டட்டில் மேல் ஒட்ட ஆரம்பிக்கின்றன. ஒன்று, பத்து, நூறு. சாம் ஓடிப்போய்ப் பிய்த்து எறிகிறான், உள்ளே ஆள் இல்லை. எல்லாம் அவன் தலைக்குள் நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். ‘நம்மிடமிருந்து தப்பிவிட்டான்’ என்கிறார்கள் அதிகாரிகள்.

இந்த முடிவை அமெரிக்காவில் படத்தை வெளியிடவேண்டிய யூனிவர்சல் ஸ்டூடியோ ஏற்கவில்லை. ஐரோப்பாவில் 142 நிமிடமாக ஓடிய படத்தை அவர்கள் 94 நிமிடமாக வெட்டி, காதலர்கள் சேர்ந்து வாழ்வதுபோல முடித்தார்கள். கில்லியம் ‘வெரைட்டி’ பத்திரிகையில் ஒரு முழுப் பக்கத்தை வாங்கி, ஸ்டூடியோ தலைவர் சிட் ஷைன்பெர்க்கின் பெயரைப் போட்டு, என் படத்தை எப்போது வெளியிடப்போகிறீர்கள் என்று கேட்டார். பக்கத்தில் வேறு ஒன்றுமில்லை. விமர்சகர்களுக்கு ரகசியமாகவும் போட்டுக் காட்டினார். லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர்கள் சங்கம், அங்கே இன்னும் வெளியாகாத அந்தப் படத்துக்கே ஆண்டின் சிறந்த பட விருதைக் கொடுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் 1985 டிசம்பரில் 132 நிமிடப் படமாக, கசப்பான முடிவோடு வெளியிட்டார்கள்.

பார்ப்பதென்றால் 142 நிமிடப் படத்தைத் தேடிப் பாருங்கள். 94 என்று போட்டிருந்தால் அதில் காதலர்கள் சேர்ந்துவிடுவார்கள், நம்பாதீர்கள்.