முதல் வெளிநாட்டுப் பயணம்: பெட்டி கட்டும் கேள்விகளும் பதில்களும்

கே: அண்ணா, செக்-இன் பெட்டிக்கு 23 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ கொடுத்திருக்கிறார்கள். எதை எதில் வைக்கலாம்?

ப: எடையைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். செக்-இன் பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தால் எது இல்லாமல் திண்டாடுவீர்களோ, அது கைப்பைக்கு. பாஸ்போர்ட், பணம், அசல் சான்றிதழ்கள், நகை, மருந்து, மூக்குக்கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுத்துணி. இதில் ஒன்றைக்கூட கீழே அனுப்பாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விமானத்தில் மேல்தட்டு நிரம்பிவிட்டால் ஏறும் வாசலிலேயே கைப்பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். பின்னால் வரிசை நிற்கும்போது பையைக் கவிழ்த்துத் தேட முடியாது. ஆகவே பாஸ்போர்ட், மருந்து, பவர் பேங்க் மூன்றையும் ஒரு சின்னப் பையில் போட்டு, கைப்பையின் மேலாக வையுங்கள். சட்டென்று உருவிக்கொண்டு ஏறிவிடலாம்.

கே: 150 மி.லி. ஷாம்பு பாட்டிலில் பாதிதான் இருக்கிறது. கைப்பையில் விடுவார்களா?

ப: விடமாட்டார்கள். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது கணக்கில்லை, பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு. ஒவ்வொன்றும் 100 மி.லி.க்குள், எல்லாம் சேர்ந்து மூடி ஒட்டக்கூடிய, உள்ளே இருப்பது தெரியும் 1 லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். பற்பசை, கிரீம், ஜெல் எல்லாமே இதில் சேரும். புது ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்கள் இதைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனால் நடுவில் விமானம் மாறும் ஊரில் பழைய விதி இருந்தால் அங்கே பிடுங்கிவிடுவார்கள். கடுமையான விதிக்கே தயாராகப் போங்கள்.

கே: பவர் பேங்க் எந்தப் பையில்?

ப: கைப்பையில் மட்டும். 100 வாட்-அவர் (பேட்டரிக்குள் அடங்கும் ஆற்றலின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கூடாது. லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். இருக்கைப் பக்கம் என்றால் பணியாளர்கள் உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். சரக்கறைக்குள் யார் போவது?

கே: என்னுடையது 26,800 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-அவர்). 5 வோல்ட்டால் பெருக்கினால் 134 வருகிறது. அப்படியானால் அனுமதி வாங்க வேண்டுமே?

ப: வேண்டாம். 5 வோல்ட் என்பது யூ.எஸ்.பி. துளையில் வெளியே வருவது. 26,800 என்ற எண் உள்ளே இருக்கும் பேட்டரி செல்லுக்கானது, செல்லின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். 26,800 × 3.7 ÷ 1000 = 99.16 வாட்-அவர். எல்லைக்குள்தான்.

கே: முன்னால் கேட்டவர் 5 வோல்ட்டால் பெருக்கியதில் என்ன தப்பு? என் 26,800 பவர் பேங்கில் “5 வோல்ட், 16,000 எம்.ஏ.எச்” என்றும் போட்டிருக்கிறதே. பெருக்கினால் 80தான். எதை நம்புவது?

ப: இரண்டும் வேறு வேறு அளவு. 3.7 வோல்ட்டை 5 ஆக உயர்த்தினாலே எம்.ஏ.எச். குறையும். மாற்றும்போது வெப்பமாகப் போகும் இழப்பு வேறு. அதனால்தான் 26,800 என்பது வெளியே வரும்போது 16,000 அளவுக்கு இறங்குகிறது. விதி பார்ப்பது செல்லுக்குள் இருக்கும் ஆற்றலை, ஆகவே 99.16தான் சரி. அச்சிட்ட எழுத்து அழிந்துபோயிருந்தால், அளவைச் சரிபார்க்க முடியாது என்று பறிமுதல் செய்யவும் கூடும். எழுத்து தெளிவாக உள்ளதையே எடுத்துப் போங்கள்.

கே: நான் செக்-இன் பெட்டியில்தான் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லையே?

ப: ஸ்கேனில் யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். பட்டிருந்தால் பெட்டியைத் திறந்து எடுத்திருப்பார்கள், அல்லது பெட்டியே ஏறியிருக்காது. கூட வருகிற இருநூறு பேரின் உயிரை நினையுங்கள். இனி வைக்காதீர்கள்.

கே: தினமும் போடும் மாத்திரைகளைச் சின்ன டப்பாவில் மாற்றிக்கொள்ளலாமா?

ப: வேண்டாம். அட்டையோடு, மருந்துச்சீட்டோடு போங்கள். சீட்டில் வணிகப் பெயர் மட்டும் போதாது, மூலப்பெயரும் (ஜெனரிக் பெயர்) இருக்க வேண்டும். அந்த ஊர் அதிகாரிக்கு அதுதான் புரியும். சாதாரணம் என்று நாம் நினைக்கும் மருந்து சில நாடுகளில் குற்றமாகிவிடும். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரையை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே கூடாது. கோடீன், டிரமடால் என்ற வலி மருந்துகள் இரண்டுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். போகும் நாட்டின் சுகாதாரத் துறைத் தளத்தில் ஒவ்வொரு பெயரையும் தேடிப் பாருங்கள். மருந்தைக் கீழே அனுப்பாதீர்கள், மறுபடியும் சொல்கிறேன்.

கே: விசா நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

ப: அது என் துறை இல்லை. தூதரகத் தளத்தைப் பாருங்கள்.

கே: சார், பவர் பேங்க் எதில் வைக்கணும்?

ப: கைப்பையில். மேலே விவரமாக இருக்கிறது, படியுங்கள்.

கே: 230 வோல்ட் கெட்டிலை அடாப்டர் போட்டு அமெரிக்காவில் பயன்படுத்தலாமா?

ப: அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. அங்கே 120 வோல்ட். கெட்டில் கால் பங்கு சக்தியில்தான் ஓடும், தண்ணீர் கொதிக்க வெகுநேரம் ஆகும். போன், லேப்டாப் சார்ஜரில் “100–240” என்று இருந்தால் அடாப்டர் மட்டும் போதும்.

கே: பெட்டி வரவில்லை என்றால்?

ப: விமான நிலையத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுண்டரில் புகார் எழுதி, அதன் எண்ணை வாங்குங்கள். சேதம் என்றால் 7 நாளுக்குள், தாமதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கிளம்பும்போதே பெட்டியின் வெளியையும் உள்ளையும் படம் எடுத்து வையுங்கள்.

கே: வீட்டிலேயே எடை பார்ப்பது எப்படி?

ப: எடை மெஷினில் பெட்டியோடு நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழியுங்கள். 23 கிலோ என்றால் 22-லேயே நிறுத்துங்கள்.