கடற்கரை மணலில் ஆய்வு செய்தவருக்கு நிலவியல் துறையில் இடம் கிடைக்குமா?

கேள்வி: நிலவியலில் எம்.எஸ்சி. முடித்து, குமரிக் கடற்கரையில் உள்ள மணவாளக்குறிச்சியின் கனிம மணலில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் உண்டு. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தால், ‘உள்ளூர் ஆய்வுதானே’ என்று ஒதுக்கிவிடுவார்களோ? தேர்வு எப்படி நடக்கும்?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: ஒதுக்கமாட்டார்கள். ஆனால் ஆய்வை நீங்கள் எடுத்துச் சொல்லும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பின்பற்றுவது யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை. முதுநிலையில் 55 சதவீதம், கூடவே நெட் என்றால் அடிப்படைத் தகுதி சரி. 2023 ஜூலை முதல் முனைவர் பட்டம் கட்டாயமில்லை. ஆனாலும் நேர்காணலுக்கு ஆள் எடுக்கப் போடும் 100 மதிப்பெண் அட்டவணையில் அதற்கு மட்டும் 30 இருக்கிறது. முதுநிலைக்கு அதிகபட்சம் 25, இளநிலைக்கு 15. நெட்டுக்கு 5, ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகைத் தகுதியுடன் என்றால் 7. ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் 10 வரை. கற்பித்தல் அல்லது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு ஆண்டுக்கு 2 வீதம் 10 வரை.

ஆக, ஐந்து கட்டுரைக்கு மேல் எத்தனை வந்தாலும் இங்கே மதிப்பெண் கூடாது. ஆறாவதைக் காசு கட்டி ஏதோ ஓர் இதழில் போடுவதைவிட, நல்ல ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரு வருடம் வேலை செய்யுங்கள். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது, உங்களுக்குத் தூரமும் இல்லை.

அப்புறம், பலர் கவனிக்காத விஷயம்: இந்த மதிப்பெண் நேர்காணலுக்கு அழைப்பதோடு சரி. இறுதித் தேர்வு நேர்காணலை வைத்தே நடக்கிறது.

அங்கே போய், மணலில் உள்ள கனிமங்களில் இல்மனைட் இத்தனை சதவீதம், கார்னெட் இத்தனை என்று ஒப்பிக்காதீர்கள். மலையிலிருந்து தொடங்குங்கள். நாகர்கோவில் பக்கத்துச் சார்னோகைட்டும், கேரளம் நோக்கி நீளும் கோண்டலைட் பாறைகளும் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, மடகாஸ்கர், இலங்கை எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானா பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை. மடகாஸ்கரிலும் இலங்கையிலும் இவற்றுக்கு உறவான பாறைகள் உண்டு. நம் பக்கத்துப் பாறைகள் சிதைந்து வள்ளியாறு போன்ற ஆறுகள் வழியாகக் கடலுக்கு வர, மீதியை அலை பார்த்துக்கொள்கிறது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, மோனசைட் என்ற கனிமத்துக்கோ 5 அளவில். லேசானதை அலை இழுத்துப்போய்விடும், கனமானது கரையில் தங்கிவிடும். அப்படித் தங்கிய இன்னொரு கனிமமான சிர்கானின் ஒரு மணியில், மெல்ல ஈயமாக மாறும் யுரேனியத்தையும் அந்த ஈயத்தையும் அளந்தால், அது பிறந்த பாறையின் வயது கிடைக்கும். இதே அளவீட்டைக் காவிரி மணலிலும் செய்யலாம், பாலாற்று மணலிலும் செய்யலாம். மோனசைட்டில் அணு எரிபொருளுக்கு உதவும் தோரியமும் அருமண் தனிமங்களும் இருப்பதால் அணுசக்தி வரை பேச்சு நீளும். இவ்வளவும் கேட்ட எந்த வல்லுநர் இதை உள்ளூர் ஆய்வு என்பார்?

பாடம் எடுப்பதையும் கட்டாயம் பார்ப்பார்கள். நிலவியல் துறைகள் பெரும்பாலும் சிறியவை. ஒரே ஆசிரியர் கனிமவியலும் நடத்த வேண்டும், களப்பயணமும் கூட்டிப்போக வேண்டும். நுண்ணோக்கியில் பாறைச் சீவலைக் காட்டி விளக்கவும், காம்பஸைக் கையில் கொடுத்து மாணவர்களை வரைபடம் போட வைக்கவும் உங்களால் முடியும் என்பது பேச்சில் தெரிய வேண்டும். நம் மாவட்டத்திலேயே ஒரு மூன்று நாள் களப்பயணத் திட்டத்தை எழுதி எடுத்துப்போங்கள்.

விளம்பரம் வந்ததும் முதலில் இனச்சுழற்சியை, அதாவது எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்ற இடஒதுக்கீட்டு வரிசையைப் பாருங்கள். துறையில் ஒரே இடம் இருந்து, அது வேறு பிரிவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் விண்ணப்பக் கட்டணம்தான் வீண். காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழக நிலவியல் துறை உங்களுக்குப் பக்கம்தான், தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழுக்கு அங்கே மாநில இடஒதுக்கீடு கிடைக்காது. பொதுப் பிரிவில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.