திர்த்தன் ஆற்றில் ட்ரவுட் பிடிக்க எதை வாங்கலாம்?

கேள்வி: மே மாதம் இமாச்சலப் பிரதேசத்தின் திர்த்தன் பள்ளத்தாக்குக்குக் குடும்பத்தோடு போகிறோம். ட்ரவுட் மீன் பிடித்துப் பார்க்க ஆசை. ராட், ரீல், நரம்பு, முள் எல்லாம் சேர்ந்த காம்போவும், ஆற்றில் இறங்கி நிற்கப் போடும், நெஞ்சு வரை வரும் நீர்புகா ‘வேடர்’ (wader) உடையும் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

மலிவு காம்போக்களில் வருவது பெரும்பாலும் ஏரி, குளத்துக்கான சாமான். திர்த்தனோ பாறைகளுக்கிடையே பாய்ந்து வரும் ஆறு. ட்ரவுட் முழு வேகத்தில் நின்று வீணாக மல்லுக்கட்டாது. பாறைக்குப் பின்னால் நீர் தளரும் இடத்தில், ஓட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து, அடித்துவரும் பூச்சிக்காகக் காத்திருக்கும். தடித்த நரம்பை ஓட்டம் வளைத்து இழுத்துக்கொண்டு போய்விடும். தூண்டில் அந்த இடத்தில் ஒரு நொடிகூட நிற்காது.

சொந்தமாக வேண்டுமென்றால் கடைக்கே போய் 6 முதல் 7 அடி லேசான ஸ்பின்னிங் ராட், 1000 அல்லது 2000 சைஸ் ரீல், 0.20 மி.மீ. நரம்பு வாங்குங்கள். 5 முதல் 8 கிராம் ஸ்பின்னர் (இழுக்கும்போது தகடு சுழலும் போலி இரை) நாலைந்து எடுங்கள். பாறையில் சிக்கி அறுவது சகஜம். காசு கொடுக்கும் முன் ரீலின் டிராக் திருகை (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியே போகும் என்பதை வைக்கும் திருகு) பாதி இறுக்கி, நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். ஒரே சீராக வர வேண்டும். வெடுக் வெடுக்கென்று வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மீன் ஓட்டத்தோடு திரும்பிப் பாயும்போது அந்த வெடுக்கில்தான் நரம்பு அறும்.

ஒரே தடவைதான் போகிறீர்கள் என்றால் இதுவும் வேண்டாம். பள்ளத்தாக்கிலேயே ராட் வாடகைக்குக் கிடைக்கும், கூட வந்து காட்டித்தர உள்ளூர் ஆட்களும் உண்டு.

வேடர் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். வேகமான ஆற்றில் கால் வழுக்கினால் அதற்குள் நீர் புகுந்து, எழுந்து நிற்பதே பெரும்பாடு. அந்தப் பணத்தில் ஈரப்பாறையில் பிடிக்கும் நல்ல காலணி வாங்குங்கள். கரையிலிருந்தே வீசலாம், முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். மே மாதம் வெயில் ஏற ஏறப் பனி உருகி ஆறு பெருகும், கலங்கும். காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது, பிள்ளைகள் கூட இருந்தால் இன்னும் முக்கியம்.

எதற்கும் முன்னால் மாநில மீன்வளத்துறை உரிமம் எடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, முட்டையிடும் காலமென்பதால், ட்ரவுட் பிடிக்கத் தடை. மே மாதத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை மீன், எந்த அளவுக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும் என்பதை உரிமம் தரும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.