லேப்டாப்பை எங்கே வாங்குவது என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் தொழிலைத் தொடங்குகிறீர்கள். கையில் இருப்பது ஏழு வருடப் பழைய லேப்டாப். அடுத்த மாதம் வருகிற நண்பரிடம் சொந்த நாட்டிலிருந்தே ஒன்று வாங்கி வரச் சொல்லலாமா, இல்லை இங்கே வாங்கவா, எந்த மாடல் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இங்கேயே வாங்குங்கள். மாடலுக்குப் பிறகு வருகிறேன்.

நானும் வந்த புதிதில் நண்பர் கையில்தான் வரவழைத்தேன். அப்போது எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. எட்டாம் மாதம் ஒரு காலையில் பவர் பட்டனை அழுத்தினால் சார்ஜ் விளக்கு மட்டும் எரிகிறது, திரை கறுப்பாகவே கிடக்கிறது. சர்வீஸ் சென்டரில் இருந்த பையன் அடியில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாங்கிய நாட்டில் மட்டும்தான் இதற்கு வாரண்டி என்றான். கெட்டிருந்தது மதர்போர்டு, அதாவது உள்ளே எல்லாவற்றையும் இணைக்கும் முதன்மைப் பலகை. புதியதற்குக் காசு நான்தான் கொடுத்தேன். அது வந்து சேர 19 நாள். முடிக்க வேண்டிய மூன்று வேலைகள் உள்ளே மாட்டிக்கொண்டன. ஒரு வாடிக்கையாளர் பொறுத்துக்கொண்டார், மற்ற இருவரும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மலிவாகக் கிடைத்ததில் மிச்சம் பிடித்தது எங்கே போனதென்றே தெரியவில்லை.

திரும்பி வந்த அன்றாவது விட்டதா? ஆன் செய்ததும் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. விஷயம் இதுதான்: இப்போதைய விண்டோஸ் லேப்டாப்களில் டிஸ்க் பெரும்பாலும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பூட்டின் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டப்பட்டது. போர்டு மாறினால் பூட்டு நம்மையே திருடனாகப் பார்க்கும். அந்த மீட்பு எண், முதல் நாள் அமைக்கும்போது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைத் தேடி எடுக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. நீங்கள் வாங்கிய அன்றே அந்த 48 இலக்கத்தையும் அச்சடித்து, பாஸ்போர்ட் வைக்கிற இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஆகவே கடையில் முதல் கேள்வி, கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள் என்பதாக இருக்கட்டும். நாமே பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டிய வாரண்டி உண்டு. ஆள் வீட்டுக்கே வந்து சரிசெய்யும் வாரண்டியும் உண்டு, ஆன்சைட் என்பார்கள். இரண்டாவதற்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். மூன்று வருட வாரண்டி என்று எழுதியிருந்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான். அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பில் தொழில் பெயரில் இருந்தால் வரிக்கணக்கில் செலவாகக் காட்ட வசதி. அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தொழில் பெயரில் வாங்கும்போது நுகர்வோர் என்ற பாதுகாப்பு பல நாடுகளில் கழன்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரலாம். அந்த உரிமை தனிநபருக்குத்தான், தொழிலுக்காக வாங்குகிறவருக்கு இல்லை. அதனால் பணம் கட்டும் முன்பே திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் கேளுங்கள்.

சார்ஜரைப் பற்றிப் பயப்படவே வேண்டாம். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் எந்த நாட்டிலும் ஓடும், சுவரில் செருகும் வயரை மட்டும் மாற்றினால் போதும். விசைப்பலகை அப்படியல்ல. ஜெர்மானிய விசைப்பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். பிரெஞ்சு விசைப்பலகையில் மேல் வரிசை எண்களுக்கே ஷிப்ட் பிடிக்க வேண்டும். நாள் முழுக்க எண் அடிக்கப்போகிற உங்களுக்கு அது தினசரி எரிச்சல். வெளியே தனியாக ஒரு யூஎஸ்பி எண் பலகை செருகிக்கொள்ளலாம். அல்லது வலப்பக்கம் எண் கட்டை உள்ள 15.6 அங்குல மாடலாக எடுக்கலாம். தமிழுக்குத் தனி விசைப்பலகை தேவையில்லை, விண்டோஸ் 11இல் தமிழ் 99 என்ற தட்டச்சு முறை உள்ளேயே இருக்கிறது.

இனி மாடல். பெயர் சொல்ல மாட்டேன், ஆறு மாதத்தில் மாறிவிடும். முதலில் உங்கள் கணக்கு மென்பொருள் எதில் ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸில் மட்டும் ஓடுவதென்றால் மேக் பேச்சே வேண்டாம். ஸ்னாப்டிராகன் சிப் வைத்த விண்டோஸ் லேப்டாப்களில் பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் பழைய பிரிண்டர், யூஎஸ்பியில் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டாங்கிள் போன்றவற்றுக்கு அந்தச் சிப்புக்கென்றே எழுதிய டிரைவர், அதாவது அவற்றை இயக்கும் மென்பொருள், இல்லையென்றால் அவை சும்மா கிடக்கும். கணக்குத் தொழிலுக்கு இன்டெல், ஏஎம்டி சிப்பே போதும்.

ரேம் 16 ஜிபி. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்டவே முடியாது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி தாராளம். மலிவு மாடலில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக இஎம்எம்சி என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள், அது ஊர்ந்துதான் போகும். திரை 1920க்கு 1200 கிடைத்தால் 1080 உள்ளதைவிட எக்ஸெலில் சில வரிகள் கூடத் தெரியும். கிராபிக்ஸ் கார்டு, தொடுதிரை, மடங்கும் திரை எல்லாம் கடைக்காரரின் ஆசை.

காசு இறுக்கமாக இருந்தால் புதிதில் மலிவானதைவிட, பெரிய கம்பெனிகள் குத்தகை முடிந்து கழித்த பிசினஸ் மாடலை வாங்கச் சொல்வேன். லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிடியூட், ஹெச்பியின் எலைட்புக் வகைகள். திரையின் கீல் உறுதி, பேட்டரியும் எஸ்எஸ்டியும் எளிதாக மாற்றலாம். வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள். பிராசஸர் பெயரில் ஐ5க்கு அடுத்து வருவது 8250யூ என்றால் எட்டாம் தலைமுறை. இன்டெலில் பொதுவாக அதற்குக் கீழே விண்டோஸ் 11 ஏற்காது. ஐ7 என்ற ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஏழாம் தலைமுறை ஐ7ஐவிட எட்டாம் தலைமுறை ஐ5 உங்களுக்கு மேலானது. அடுத்து பேட்டரி. விண்டோஸே ஒரு பேட்டரி அறிக்கை தரும், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் டிசைன் கப்பாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கப்பாசிட்டி 36,000 என்றிருந்தால் மிச்சம் 72 சதவீதம். கடைசியாக, புதிதாக விண்டோஸ் போட்ட நிலையில் ஆன் செய்து வைஃபை கொடுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் வந்து அலுவலக மின்னஞ்சலைக் கேட்டால், பழைய முதலாளி அதை இன்னும் விடுவிக்கவில்லை என்று பொருள். விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள்.

கையிலிருக்கும் பழையதில் விண்டோஸ் 10 என்கிறீர்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வாடிக்கையாளர் கணக்குகளை அதில் வைத்துக்கொண்டு இணையத்தில் உலாவ வேண்டாம். ஆனால் விற்றும் விடாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, பிரௌசரில் உங்கள் மின்னஞ்சலும் ஆன்லைன் கோப்புகளும் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, சார்ஜரோடு அலமாரியில் வைத்துவிடுங்கள். என் 19 நாளில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அந்த இரண்டு பேருக்கும் ஒரு வரி பதிலாவது ஒழுங்காக எழுதியிருப்பேன்.

நண்பர் வருகிறார் என்றீர்களே, அவரிடம் வேறு ஏதாவது வாங்கி வரச் சொல்லுங்கள். இல்லை, அங்கேதான் வாங்குவேன் என்று பிடிவாதமாக இருந்தால், இந்த நாட்டிலும் வாரண்டி செல்லும் என்பதை அந்தக் கடைக்காரரின் வாய்ச்சொல்லில் நம்பாமல், தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.