வயரை இணைத்தாலும் பாடல்கள் ஏறவில்லையே?

கேள்வி: நாகஸ்வரக் கலைஞரான என் தந்தையின் கச்சேரிகளைப் பல ஆண்டுகளுக்கு முன் ஒலிநாடாவிலிருந்து மாற்றி, ஏறக்குறைய 400 கோப்புகளாகக் கணினியில் வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு கைப்பேசியை வயரில் இணைத்தால் சார்ஜ் மட்டுமே ஏறுகிறது. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருமுறை பென் டிரைவ் வழியாக ஏற்றித் தந்தபோதும் பாதிக் கோப்புகள் பாடவில்லை. சிலவற்றின் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். சாதாரண யூஎஸ்பி வயருக்குள் மின்சாரத்திற்கு இரண்டு, தரவுக்கு இரண்டு என நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். விலை மலிந்த சில வயர்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை என்பதால், அவற்றைக் கொண்டு எத்தனை முறை இணைத்தாலும் சார்ஜ் மட்டுமே ஏறும். கைப்பேசியோடு பெட்டியில் வந்த வயர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

வயர் சரியாக இருந்தாலும், பாதுகாப்புக் கருதி, உங்கள் அனுமதியின்றிக் கைப்பேசி தன் கோப்புகளைக் கணினிக்குக் காட்டாது. இணைத்த பிறகு பூட்டைத் திறந்து, திரையை மேலிருந்து கீழே இழுத்து, யூஎஸ்பி பற்றிய அறிவிப்பைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கணினியின் 'திஸ் பிசி' பகுதியில் கைப்பேசியின் பெயர் தோன்றும். அதனுள் உள்ள 'மியூசிக்' ஃபோல்டரில் ஐம்பது ஐம்பது கோப்புகளாக ஒட்டுங்கள். 'காப்பி' மட்டுமே செய்யுங்கள், 'கட்' வேண்டவே வேண்டாம். பாதி வழியில் வயர் அசைந்து இணைப்பு அறுந்தால், உங்கள் தந்தையின் வாசிப்பை வேறெங்கும் தேடி எடுக்க முடியாது.

பாடாத கோப்புகளின் பெயர் '.டபிள்யூஎம்ஏ' (.wma) என முடிகிறதா என்று பாருங்கள். பழைய விண்டோஸ் கணினிகளில் பதிவு செய்த பலரிடமும் இவ்வகைக் கோப்புகளே இருக்கின்றன; கைப்பேசியோடு வரும் பிளேயர்கள் பல அவற்றைப் பாடுவதில்லை. எம்பி3 ஆக மாற்றச் சொல்பவர்கள் உண்டு. ஏற்கெனவே சுருக்கிய ஒலியை மீண்டும் சுருக்கினால் தரம் இன்னும் சற்றுக் குறையும். நாகஸ்வரத்தில் ஊதும் முனையான சீவாளியின் நுட்பமான அசைவுகளைக் கேட்க விரும்பும் உங்களுக்கு அந்த இழப்பு வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி செயலியை நிறுவினால், பெரும்பாலும் அக்கோப்புகள் அப்படியே பாடும்.

பெயர்கள் சிதைந்து தெரிவதற்குக் காரணம், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய தமிழ் எழுத்துருக்களில் அவற்றைத் தட்டச்சு செய்திருப்பதாக இருக்கலாம். கணினியிலேயே ராகம், இடம், ஆண்டு எனப் புதிதாகப் பெயரிட்டுவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். 400 கோப்புகளுக்கும் ஒரே நாளில் முடியாது. பத்துப் பத்தாகச் செய்யலாம்.

கைப்பேசியில் ஏற்றியதோடு விடாமல், வெளி ஹார்ட் டிஸ்கில் இன்னொரு பிரதியும் வையுங்கள். அந்த ஒலிநாடாக்கள் இன்னும் வீட்டில் இருந்தால், அவற்றையும் ஈரம் படாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். உங்களிடம் உள்ள கோப்புகளைவிடத் தரமாக அவற்றிலிருந்து மீண்டும் ஒருமுறை பதிவு செய்ய இன்றும் வழி உண்டு.